பசையக்கா ஒட்டிய பூ

எங்கள் அலுவலகத்தில் எனக்குச் ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டதெல்லாம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் சொல்லவந்தது பசையக்காவைப் பற்றி. ஆனாலும் என் லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு ஹெர்பேரியத்தில். மலையிலும் காட்டிலும் பறித்த செடிகளை உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைக்கும் இடம். வாசல் பலகையைப் பார்த்து மூலிகைக் கடை என்று நினைத்து, மூட்டு வலிக்குத் தைலம் கேட்டு வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. கீழ்த்தளத்தின் பின்னறையில் ஒரு நீள மேசை. ஜன்னலோர முனையில் பசையக்கா செடி ஒட்டுவாள். இந்த முனையில் நானும் என் தட்டச்சு இயந்திரமும். இருபத்திரண்டு வருடம் அப்படி உட்கார்ந்திருந்தோம். அலமாரிகளில் போடும் அந்துருண்டை வாசனை எங்கள் தலைமுடியில் ஏறி வீடு வரைக்கும் வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எங்களைப் பழைய பீரோ என்று நினைத்திருப்பார்கள்.

வேலை என்னவோ எளிமையானதுதான். சேகரிப்பாளர் மலைக்குப் போய்ச் செடியைப் பறிப்பார். அதில் ஒரு எண் கட்டி, செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். எங்கே கிடைத்தது, எத்தனை அடி உயரத்தில், பூ என்ன நிறம் என்பதையெல்லாம் அந்த எண்ணுக்கு நேரே ஒரு குறிப்பேட்டில் எழுதியிருப்பார். அதைப் பார்த்து நான் சின்னச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். பசையக்கா செடியையும் சீட்டையும் தாளில் ஒட்டுவாள். பிறகு அது மாடிக்குப் போகும். மாடியில் இருக்கும் விஞ்ஞானி பார்த்துப் பெயர் சொல்வார்.

பின்னறைக்கு இரண்டு விதிகள் இருந்தன. உதிர்ந்து கிடக்கும் பூவோ இலையோ எந்தக் காம்பிலிருந்து விழுந்தது என்று தெரியாவிட்டால், அதைக் காம்பில் ஒட்டக்கூடாது. சின்னக் காகித உறையில் போட்டுத் தாளின் மூலையில் வைக்க வேண்டும். இரண்டாவது, பூவோ காயோ இல்லாத செடியை வைத்துக்கொள்வதில்லை. அது சாக்கில் போகும். சாக்கை வெள்ளிக்கிழமைதோறும் கொல்லைப்புறத்தில் கொளுத்துவார்கள்.

பசையக்கா நெடுநெடுவென்று உயரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலது கட்டைவிரலில் எப்போதும் பசை காய்ந்து தோலாகப் படிந்திருக்கும். பேசிக்கொண்டே அதை உரிப்பாள். ஒட்டும்போது மட்டும் பேச்சு கிடையாது, மூச்சையும் அடக்கிக்கொள்வாள். முறுக்கிக்கொண்டு கிடக்கும் கொடியைக்கூட இடுக்கியால் நாலு தட்டுத் தட்டி, தாளுக்குள் அடக்கமாக உட்கார வைத்துவிடுவாள். “செடி சொன்ன பேச்சைக் கேக்கும்டி. மனுஷங்களைத்தான் தாள்ல அடக்க முடியல” என்பாள். மனுஷங்கள் என்று அவள் சொன்னது பெரும்பாலும் என்னை.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. பத்து வயது இளையவர். அப்பா அம்மா இல்லாமல் போனபிறகு அவள்தான் வளர்த்தாள், படிக்க வைத்தாள், எங்கள் அலுவலகத்திலேயே சேகரிப்பாளராகச் சேர்த்தும் விட்டாள். அவள் தம்பி தம்பி என்று கூப்பிட்டதால் எல்லோருக்கும் அவர் தம்பியாகிவிட்டார். அவரைவிட இளையவர்கள்கூட “தம்பி சார்” என்றார்கள். பேச்சு குறைவு. பாறையில் ஆடு மாதிரி ஏறுவார். குறிப்பேட்டில் அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். என் வாழ்க்கையில் நான் குறை சொல்லாத கையெழுத்து அது ஒன்றுதான்.

ஒரு மழைக்கால முடிவில் தம்பி மலையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார். ஈரப்பாறை. கூடப்போன சுமையாள் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. செடிக்கட்டு சுமையாளின் முதுகில் இருந்ததால் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பசையக்கா வேலைக்கு வந்தாள். கட்டு மேசைமேல் அப்படியே இருந்தது. பிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவளே வாரை அவிழ்த்தாள். அறுபத்தொரு எண்கள். ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தாள், யாரையும் தொட விடவில்லை. நான் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீட்டு அடித்தேன். கண் மறைத்தது. இடம், உயரம், தேதி, பூ நிறம் எழுதியிருந்தால் அது, அவ்வளவுதான் அடித்தேன். மற்ற வரிகளைப் படிக்கவே இல்லை. அன்றைக்கு ஒரு நாள் சட்டம் சட்டப்படி வேலை பார்க்கவில்லை.

தம்பியின் மனைவி இரண்டு வருடம் கழித்து வேறு கல்யாணம் செய்துகொண்டு போனாள். சின்ன வயசு, யாரும் குறை சொல்லவில்லை. பெண்குழந்தையைப் பசையக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா இறந்தபோது அதற்கு நாலு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் பின்னறைக்கு வந்து, மேசைக்கு அடியில் பாயைப் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதும். எங்கள் இரண்டு பேருக்கும் அத்தை என்றே பேர். நான் எந்த வகையில் அத்தை என்று யாரும் கேட்கவில்லை.

தம்பி போய் மூன்று வருடம் ஆனபிறகுதான் அந்தத் தாள் வெளியே வந்தது.

மாடியில் இருந்த விஞ்ஞானியைத் தாடி சார் என்போம். முப்பது வருடமாக மற்றவர்கள் பெயர் வைத்த செடிகளுக்கு அதே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தவர். புதுச்செடி ஒன்றுக்குத் தானே முதன்முதலாகப் பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்தான் இருந்தது. பழைய கட்டுகளைத் தூசி தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் காலை ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“யாரும் இதைப் பார்க்கலையா? மூணு வருஷமா உள்ளயே கெடந்திருக்கு!”

தம்பியின் செடிக்கட்டில் கடைசி எண். ஒரு முள்செடி. முழங்கால் உயரத் தண்டு, வெட்டு வெட்டான இலை, நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக முள். இலையைப் புரட்டினால் அடியில் செந்நிறப் பஞ்சு அப்பியிருக்கும். உச்சியில், அந்த மலையில் எங்கே பார்த்தாலும் கிடைக்கும் சாதாரண முள்செடிக்கு இருப்பதுபோல, ஊதா நிறத்தில் பெரிய பூக்கொத்து.

“இலை ஒரு ஜாதி, பூ ஒரு ஜாதி. உலகத்துல எங்கயும் இப்படி ஒரு சேர்க்கை கெடையாது. எழுதித் தர்றேன்” என்றார் தாடி சார். அவர் சொன்னது முழுக்க முழுக்க நிஜம். அந்த மாதிரிச் செடி உலகத்தில் இல்லை.

“தம்பி பேரைத்தான் வைக்கப்போறேன். அவர் பேருக்குப் பின்னால ஒரு லத்தீன் வால். அவ்வளவுதான். இன்னும் இருநூறு வருஷம் ஆனாலும் யாரும் அழிக்க முடியாது.”

பசையக்கா எழுந்து நின்றாள். சந்தோஷத்தில் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். நான்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் குழந்தை வந்ததும் தாடி சாரே அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் தாளைக் காட்டினார். “உங்கப்பா கண்டுபிடிச்ச செடி. உங்கப்பா பேர்தான் இதுக்கு.” ஏழு வயதுக் குழந்தை. அடுத்த நாளே அந்தச் செடியை நோட்டில் வரைந்து வகுப்பில் காட்டியிருக்கிறது. டீச்சர் எல்லோரையும் கை தட்டச் சொல்லியிருக்கிறார். அதற்கு அப்புறம் எங்கள் மேசையடியில் வீட்டுப்பாடம் நடக்கவில்லை. முள்செடிதான் நடந்தது. இலையில் ஒரு ஜோடி முள் குறைந்தாலும் அழித்துவிட்டு மறுபடி வரையும்.

பசையக்கா அடுத்த நாலு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். தம்பி ஞாபகம் என்று எல்லோரும் நினைத்தோம். என்னிடம் எப்போதும் வம்பு பேசுகிறவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

தாடி சார் நாலு பக்கம் எழுதி முடித்துத் தட்டச்சுக்கு என்னிடம் கொடுத்தார். அதில் முக்கால்வாசி இலையைப் பற்றித்தான். முள்ளின் நீளம், பஞ்சின் நிறம், நரம்பின் எண்ணிக்கை எல்லாம் அளந்து அளந்து எழுதியிருந்தார். அடுத்த வாரம் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். செடி கிடைத்த சரிவு எந்தத் திசையைப் பார்த்தது என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டிருந்தார். நான் குறிப்பேட்டை எடுத்துக் கடைசி எண்ணைப் பார்த்தேன்.

“முள்செடி. முழங்கால் உயரம். இலையடியில் செந்நிறப் பஞ்சு, முள் ஜோடி ஜோடியாக. வடக்குச் சரிவு. பூ இல்லை. இதுவரை பார்க்காத செடி. அடுத்த மாதம் பூவுக்காக மறுபடி ஏற வேண்டும்.”

அத்தனை வரியில் என் கண்ணில் விழுந்தது இரண்டே சொல்தான். பூ இல்லை.

குறிப்பேட்டோடு எழுந்து மேசையின் மறுமுனைக்குப் போனேன்.

“அக்கா, இதுல பூ இல்லன்னு எழுதியிருக்கு.”

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியும்டி.”

“தெரியும்னா?”

“பூ தனியா மடிப்புக்குள்ள கெடந்துச்சு. முந்தின எண்ல சாதாரண முள்செடி. அதுல நாலு காம்பு, மூணு பூ. எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்துட்டுத்தான் ஒட்டினேன்.”

“ஏன்க்கா?”

“பூ இல்லாத செடியை என்னடி பண்ணுவாங்க?” அப்போதுதான் என்னைப் பார்த்தாள். “அவன் கையால கடைசியாப் பறிச்சது. சாக்குல போட்டுக் கொளுத்துவாங்க. என்னால முடியல. பூ இருந்தா உள்ள ஒரு மூலையில கெடக்கும், யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லன்னு நெனச்சேன். இப்படி வந்து நிக்கும்னு கண்டேனா?”

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பியிருக்கலாம். வடக்கு என்று ஒரு சொல்லை அடித்துவிட்டு, காகிதத்தை மாடிக்கு அனுப்பியிருக்கலாம். எனக்கு அது வராது.

“சொல்லிடுக்கா.”

“பிள்ளைகிட்டச் சொல்லியாச்சேடி.”

“அச்சுல வந்தப்புறம் யாராவது கண்டுபிடிச்சா சாரோட மானம் கப்பலேறும். இந்தப் பூவைத் தேடிக்கிட்டு ஆளுங்க அதே பாறையில ஏறுவாங்க. அது பரவாயில்லையா உனக்கு?”

பாறை என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன். அதோடு நிறுத்தினேனா? அதுவும் இல்லை. “நீ சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்” என்றேன்.

ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் காலையில் நான் வருவதற்கு முன்பே வந்து, தலை வாரி, வெளுத்த புடவை கட்டி, படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். “கூட வாடி. தனியாப் போனா திரும்பி ஓடி வந்துடுவேன்” என்றாள்.

தாடி சார் தாளை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பசையக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் குறைக்காமல். மூன்று பூ, நாலு காம்பு என்பதைக்கூட. அவர் கேட்டு முடித்துவிட்டுத் தாடியைத் தடவினார். பிறகு மையொற்றும் தாளில் ஒரு துண்டு கிழித்து, தண்ணீரில் நனைத்து, பூவின் அடியில் வைத்துக் காத்திருந்தார். இடுக்கியால் மெல்லத் தொட்டதும் பூ கையோடு வந்துவிட்டது. அதற்கு அடியில் இருந்த காம்பின் நுனி, பூவே பூக்காத இளந்தண்டு.

“ஒட்டினது தெரியவே இல்லம்மா. அவ்வளவு நல்லா ஒட்டியிருக்கீங்க” என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பூவை அதற்கு உரிய சாதாரண முள்செடித் தாளின் உறையில் போட்டார். நாலு பக்கத்தையும் மடித்து மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை போகவில்லை. அதற்குப் பிறகு வேறு புதுச்செடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றுப் போனார்.

மிச்சம் இருந்தது பூ இல்லாத செடி. “ஏதோ ஒரு முள்செடியோட இளசா இருக்கும். பூ இல்லாம வெச்சுக்க முடியாது, உங்களுக்கே தெரியும்” என்றார், அதைப் பார்க்காமலே.

“நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா சார்?”

அவர் என்னைப் பார்த்தார். எதற்கு என்னைப் பார்த்தார் என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை. சரி என்று ஒருவர் சொன்னால் போதும் என்று நினைத்திருப்பார். “இங்க உள்ளது எதுவும் வெளிய போகக்கூடாது சார். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க” என்றேன் நான். அப்படித்தான் சொன்னேன், இதே வார்த்தைகள். பசையக்கா தாளை வாங்கிக்கொண்டு போய்த் தன் கையாலேயே சாக்கில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள். அன்றைக்கு வியாழக்கிழமை.

சாயங்காலம் குழந்தை வந்து நோட்டைப் பிரித்து வரைய உட்கார்ந்தது. பசையக்கா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தச் செடிக்கு அப்பா பேர் கிடையாது, அது புதுச்செடி இல்லையாம், பெரியவங்க தப்பாச் சொல்லிட்டாங்க என்றாள்.

“அப்போ அப்பா ஒண்ணும் கண்டுபிடிக்கலையா அத்தை?”

“இல்லம்மா.”

“கிளாஸ்ல கை தட்டினாங்களே?”

குழந்தை நோட்டை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கணக்குப் புத்தகத்தை எடுத்தது. அப்புறம் ஒருநாளும் அது செடி வரையவில்லை. நான் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மனசில் அப்போதும் நியாயம் செய்துவிட்ட திருப்திதான் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பசையக்கா என்னை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மறுவாரமே என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, “இதை மனுஷங்க தின்பாங்களாடி?” என்று ஆரம்பித்துவிட்டாள். வேலையில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. அதற்குப் பிறகு உதிர்ந்த எதையும் அவள் ஒட்டவில்லை. அவள் கண்ணெதிரில், அவள் இடுக்கி பட்டு விழுந்த இதழைக்கூட உறையில்தான் போட்டாள். அவள் தாள்களின் மூலைகளில் உறைகள் தொப்பை போட்டன. மாடியில் கேலி செய்தார்கள். பன்னிரண்டு வருடம் அப்படியே ஒட்டிவிட்டு ஓய்வு பெற்றாள். பிள்ளையைப் படிக்க வைத்தாள். கண்ணில் புரை விழுந்தது, கால் வீங்கியது, ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். வாசலிலேயே, “வந்துட்டா பாரு, வீட்டைச் சோதனை போட” என்பாள்.

அவள் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆனபோது மாடிக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தார். வட்டக் கண்ணாடி, எப்போதும் வேக நடை. மலைக்குத் தானே போய்க் கட்டுக் கட்டாகச் செடி கொண்டுவந்தார். ஒரு நாள் ஒரு மடிப்பைத் திறந்து என் முன்னால் வைத்து, “இது புதுசுன்னு நெனைக்கிறேன். இதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க யாராவது இதைப் பறிச்சிருக்காங்களான்னு பழைய குறிப்பேடெல்லாம் பார்த்துச் சொல்லுங்கம்மா” என்றார்.

வெட்டு வெட்டான இலை. நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக முள். உச்சியில் பூ இல்லை. பூக்கள் இலைக்கணுக்களில், தலை குனிந்து, வெள்ளையாக, பட்டாணி அளவில் இருந்தன. நான் விரலை விட்டு இலையைப் புரட்டினேன். செந்நிறப் பஞ்சு.

பதினேழு வருடத்துக்கு முந்தைய குறிப்பேட்டை நான் தேட வேண்டியிருக்கவில்லை. எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும். கடைசி எண்ணை எடுத்தேன். அன்றைக்குப் படித்தும் படிக்காமல் விட்ட வரி அப்படியே இருந்தது, அச்சடித்த மாதிரி. இதுவரை பார்க்காத செடி.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அந்தத் தாள் எங்க?” என்றார். கொளுத்தியாகிவிட்டது என்றேன். தாடி சார் எழுதிய நாலு பக்கம் அவருடைய பழைய மேசையின் இழுப்பறையிலேயே கிடந்தது. எடுத்துவந்து காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அச்சாகியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா” என்றார்.

“பூ தப்பாச்சே மேடம்.”

“தப்புதான். ஆனா ஒரு தாள்ல ரெண்டு செடி கலந்துட்டாப் பேர் செத்துப்போகாது. எழுதின வர்ணனை எந்தப் பாகத்தோட அதிகமாப் பொருந்துதோ, பேர் அந்தப் பாகத்துக்குப் போயிடும். இதுல முக்காலும் இலையைப் பத்தித்தான் எழுதியிருக்கார். பேர் இந்தச் செடிக்குத்தான் நின்னிருக்கும். நான் இன்னிக்குப் புதுப்பேர் வைக்கவே முடியாது. தப்பு நடந்ததுன்னு ஒரு குறிப்பு எழுதிட்டு, அவர் பேரையே எழுதணும். விதி அப்படி.”

விதி அப்படி. எனக்குத் தெரியாத விதி ஒன்று மாடியில் இருந்திருக்கிறது. தாடி சாருக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலையில், பூ கையோடு வந்தபோது, அவருக்கும் அது தோன்றவில்லை. இலையை மறுபடி ஒரு தடவை பார்க்க அவருக்கு மனசு இல்லை. நானோ பார்க்கவே விடவில்லை.

மேடம் நல்லவர். தாளே இல்லாமல் பழைய பெயரை உயிர்ப்பிக்க வழி இல்லை என்றார். பஞ்சின் நிறத்தை வைத்துப் புதுப்பெயர் கொடுத்தார். கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். இச்செடியைப் பதினேழு வருடங்களுக்கு முன்பே இன்ன சேகரிப்பாளர் பறித்துக் குறிப்பு எழுதியுள்ளார், உலர்செடித் தாள் இப்போது இல்லை என்று. தம்பியின் பெயர் அதில் முழுசாக இருந்தது. அச்சான இதழ் ஒன்றை என்னிடம் கொடுத்து, “அவங்ககிட்டக் குடுங்க” என்றார்.

ஒரு வாரம் அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

பசையக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை, இப்போது இருபத்தொரு வயதுப் பெண், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். அவள் கையில் இதழைக் கொடுத்தேன். “அத்தைக்குக் கண் தெரியாது, நீ படிச்சுச் சொல்லு” என்றேன். அவள் படித்துப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இலை, முள், பஞ்சு. பஞ்சு என்றதும் பசையக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசி வரிக்கு வந்து அப்பாவின் பெயரைப் பார்த்ததும் பெண் அதன்மேல் விரலை வைத்தாள்.

“அத்தை, அப்பாதான் மொதல்ல பார்த்திருக்காரு.”

“அவன் எழுதியிருந்தானா?” என்று என்னிடம் கேட்டாள் பசையக்கா.

“இதுவரை பார்க்காத செடின்னு எழுதியிருந்தாருக்கா. நான் அன்னிக்குக் கவனிக்கல.”

“பிள்ளைகிட்ட நான் இல்லன்னு சொன்னேனே” என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

பெண்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “தாள் இப்போ இல்லன்னு போட்டிருக்கே. எங்க போச்சு?”

“கொளுத்திட்டாங்க. உங்க அத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு கேட்டா. நான்தான் கூடாதுன்னேன்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து முகம் கழுவப் போனாள்.

பசையக்கா யோசித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் செடி ஒட்டியவள், மாடியில் பேசுவதைக் காதில் வாங்கிக்கொண்டே ஒட்டியவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தால் நான்தான் முட்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. அன்னிக்கு நாம சொல்லாம விட்டிருந்தா, அச்சாகியிருந்தா, இப்போ அவன் பேர் நின்னிருக்குமாடி?”

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். புரை விழுந்த கண், என் முகம் இருக்கும் திசையில் பார்த்துக்கொண்டிருந்தது.

“நிக்காதுக்கா. பூ தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே பேரையும் அடிச்சிருப்பாங்க. விதி அப்படி.”

அவளிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

“நல்லவேளை. ஊரே சிரிச்சிருக்கும், தம்பி பேரை வெச்சு. நீ அன்னிக்கு என்னைப் பிடிச்சுத் தள்ளலன்னா நான் சொல்லியே இருக்க மாட்டேன். உனக்குத்தான்டி நான் கடமைப்பட்டிருக்கேன்” என்று சொல்லி, கட்டிலைத் தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

பெண் முகம் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கதவருகில் நின்றாள். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.